புருவத்தில் இருந்தது வெடிப்பு இல்லை

என் அன்பு மாப்ள சவரிமுத்து,

நீ இருக்கிற இடத்தில் சுவர் இருக்கிறதா? முதலில் அதைச் சொல். மோட்சம் என்றால் ஒளியும் வெளியும்தான், வேறொன்றும் கிடையாது என்று உன் ஊர் சர்ச்சுச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னாராம். கேட்டதிலிருந்து எனக்கு உன் கவலைதான். பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு மேகத்தில் நீ என்ன செய்வாய்? மேகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் நிற்குமா?

நான் நலம். நலம் என்றால், முழங்கால் நலமில்லை, சர்க்கரை நலமில்லை, வீட்டுக்காரி வாயில் நான் ஒருநாளும் நலமில்லை. மற்றபடி சாரத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ மேலே படம் போட, நான் கீழே எழுத்து எழுத, இருபது வருசம் ஒரே சாரத்தில் ஓட்டிவிட்டோம். இப்போது படம் போட ஆள் இல்லாததால் வெறும் எழுத்து வேலையாகப் பார்த்து எடுக்கிறேன். போன வாரம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில், இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது என்று எழுதினேன். நல்ல கொட்டை எழுத்து. நின்று நிதானமாகப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

நீ போய்விட்டதால் கம்பம் பள்ளத்தாக்கில் சுவரெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதே. உனக்கு அந்த நினைப்பு கொஞ்சம் உண்டு, எனக்குத் தெரியும். தேனியில் பாலு என்று ஒருத்தன் கிளம்பியிருக்கிறான், முப்பது வயசு இருக்கும். எனாமலைத் தவிர எதையும் தொடமாட்டான். கம்பத்துத் தியேட்டருக்கு அவன் செய்த கட்-அவுட் தென்னை மர உயரம். உடம்பு ஒரு லாரியில், கை இரண்டும் இன்னொரு லாரியில் வந்தன. மாட்டுகிற அவசரத்தில் தியேட்டர் ஆட்கள் இடது கையையும் வலது கையையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். கதாநாயகன் ஊரைக் கும்பிடுகிறானா விரட்டுகிறானா என்று தெரியாமலே படம் ஓடி முடிந்தது.

போடியில் ஒரு ஏலக்காய் மண்டிச் சுவர் முழுக்க யானை போட்டான். நான்கூட பஸ்ஸை விட்டு இறங்கி நின்று பார்த்தேன், பொய் சொல்வானேன். அடுத்த மாதமே பக்கத்துக் கடைக்காரர் தகரத்தில் கொட்டகை இறக்கிவிட்டார். இப்போது துதிக்கை மட்டும் ரோட்டில் இருக்கிறது. உடம்பு உள்ளே டீக்கடைக்காரர்களோடு இருக்கிறது.

சின்னமனூர்ப் பக்கம் சிமெண்டில் முனியாண்டி செய்வாரே, கருப்பையா கொத்தனார், அவரும் பாலுவும் இப்போது கூட்டு. உங்கள் வேதக்கார ஆட்கள் ஊரில் மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டியிருக்கிறார்கள். உருவம் கருப்பையா, வண்ணம் பாலு. மாதா சாந்தமாகத்தான் நிற்கிறாள். காலடியில் கிடக்கிற பாம்பைத்தான் பார்க்க முடியவில்லை. முனியாண்டிக்கு மீசை வைத்து வைத்துப் பழகிய கை, பாம்புக்கும் லேசாக ஒரு முறுக்குக் கொடுத்துவிட்டது. பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, பிசாசுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம்.

தேர்தல் வரப்போகிறது என்று சுவர் பிடிக்கிற சண்டையும் ஆரம்பித்தாகிவிட்டது. இந்தச் சுவர் எங்களுக்கு ரிசர்வ் என்று எழுதி வைக்கிற வழக்கம் இப்போது முற்றிவிட்டது மாப்ள. உத்தமபாளையத்தில் ஒருவர் காம்பவுண்டு கட்ட இறக்கி வைத்த செங்கல் அடுக்கின் மேலேயே ஒரு கட்சிக்காரர்கள் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். கொத்தனார் எடுத்துக் கட்டியதில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மூலைக்குப் போய்விட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் நாலு நாளாக அதன் முன்னால் நின்று, என்னமோ ரகசியச் செய்தி என்று கூட்டிக் கூட்டிப் படித்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு சுற்றுகிறேனே, எதையோ சொல்லத் தயங்குகிறான் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். சரி, சொல்கிறேன்.

உன் வருசப் பூசைக்குக் கொஞ்சம் முன்னால் ஆரோக்கியம் என் வீட்டுக்கு வந்தது. உன் சம்சாரம் என் வீட்டில் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் உட்காரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பூசை அன்றைக்குப் பீடத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றி வைக்க உன் படம் ஒன்று வேண்டும், வீட்டில் ஒன்றுகூட இல்லை என்றது.

நம்புவாயா? நம்பித்தான் ஆகவேண்டும், காரணமே நீதான். இந்தப் பள்ளத்தாக்கில் யார் செத்தாலும் முகம் போட்டுக் கொடுத்தவன் நீ. உன்னைப் போட்டோவுக்கு உட்காரச் சொன்னால், நான் படம் போடுறவன், படத்துக்கு உக்கார்றவன் இல்ல என்று எழுந்து போய்விடுவாய். கல்யாணப் போட்டோ ஒன்று உண்டு. அதிலும் போட்டோக்காரர் அமுக்குகிற நேரத்தில், செபஸ்தியார் சுரூபத்தில் அம்பு குத்திய இடத்துச் சிவப்பு சரியில்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டாய். ஆரோக்கியம் லட்சணமாக இருக்கிறது. உன் பங்குக்கு ஒரு காது இருக்கிறது.

பூசைக்கு மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். கிளம்பும்போது ஆரோக்கியம் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

"சின்னவளுக்கு அவுக மொகம் மறந்துக்கிட்டு வருதுண்ணே. அப்பாவுக்கு மீசை இருந்துச்சாம்மான்னு நேத்துக் கேக்குறா."

புஷ்பத்துக்கு அஞ்சு வயசுகூட முடியவில்லை. நீ போகும்போது அவள் உன் முதுகில் தொங்கிக்கொண்டு திரிந்தவள்.

பிறகு நான் செய்ததைக் கேட்டால் நீ கல்லறையை விட்டு எழுந்து வந்து அடிப்பாய். நானே வரைந்தேன். ஆமாம், நான்தான். பால் சங்கத்துச் சுவரில் நான் போட்ட பசுமாட்டைப் பார்த்துவிட்டு, நாயெல்லாம் பால் கறக்குமா என்று கேட்டார்களே, அதே நான். ஒரு அட்டையை எடுத்து, கட்டம் போட்டு, கண்ணை மூடி உன்னை நினைத்து, கண்ணைத் திறந்து கோடு போட்டேன். கண்ணை மூடினால் நீ தெளிவாக நிற்கிறாய். திறந்தால் அட்டையில் ஒரு போலீஸ் ஏட்டு நிற்கிறார். மூன்று அட்டை போட்டேன், மூன்று ஏட்டுகள். அதில் கொஞ்சம் கருணையான ஏட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆரோக்கியம் மனசு நோகப் பேசத் தெரியாத பிறவி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு ரெண்டும் இருக்குண்ணே" என்றது.

அப்போதுதான் கூடலூர்ச் சுவர் ஞாபகம் வந்தது.

எமர்ஜென்சி காலத்தில் போட்டோமே, ரோட்டைப் பார்த்த ஆஸ்பத்திரிச் சுவர், குடும்பக் கட்டுப்பாட்டுப் படம். சிவப்பு முக்கோணம், புருசன், பெண்டாட்டி, ரெண்டே ரெண்டு பிள்ளை. ஆபீசர் கொடுத்த மாதிரிப் படத்தில் புருசன் வடக்கத்திக்காரனாக இருந்தான். நம்ம ஊர் ஆளாகப் போடு என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். நம்ம ஊர் ஆளுக்கு எங்கே போவது? நிற்கச் சொன்னவனெல்லாம் ஓடினான். அந்தச் சுவர் பக்கம் நின்றாலே உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஆபரேசன் பண்ணிவிடுவார்கள் என்று பயம். கடைசியில் நீ சவரக் கண்ணாடியைச் சாரக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, உன்னையே பார்த்துப் போட்டாய்.

ரெண்டு போதும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு சுவரில் நிற்கிறவனுக்கு அப்போது வீட்டில் நாலு. படம் காய்ந்த பிறகு இன்னும் இரண்டு. கூடலூர் டீக்கடைகளுக்கு ஒரு வருசம் அது போதுமானதாக இருந்தது. உன் ஊர்ச் சாமியார், ஆறாவதுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு, வேறு காரணத்துக்காகக் கூப்பிட்டுக் கண்டித்தார், வேதக்காரன் போடுகிற படமா இது என்று. நீ சொன்ன பதிலை இன்றைக்கும் அங்கன சொல்லிச் சிரிக்கிறார்கள். "செவுத்துல நிக்கிறவனுக்குத்தான் சாமி ரெண்டு. எனக்கு ஆறு."

ஆரோக்கியம் அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு, அது யாரு என்று உன்னிடம் கேட்டு, நீ சரியாகப் பதில் சொல்லாததில் அதற்குக் கோபமாம். நிசமாகவே அது யாரு மாப்ள?

மறுநாள் காலையிலேயே கூடலூர் பஸ் ஏறினேன். போட்டோ ஸ்டுடியோக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைப் படம் எடுத்து, உன் முகத்தை மட்டும் பெரிசு பண்ணிவிடலாம் என்று கணக்கு. என் வாழ்க்கையிலே எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான் என்று நினைக்கிறேன்.

போய்ப் பார்த்தால் சுவரில் சாரம் கட்டியிருக்கிறது. சாரத்தில் சுரண்டுகிற தகட்டோடு பாலு. பழைய படம் மங்கிவிட்டது, புதுசாகப் போடச் சொல்லி ஆர்டராம். முக்கோணத்தையும் பெண்டாட்டியையும் ஒரு பிள்ளையையும் சுரண்டி முடித்திருந்தான். நீ மட்டும் இன்னொரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தது நாம்தான் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தாய்.

நீதான் மாப்ள. வெயிலிலும் மழையிலும் உரிந்து போயிருந்தாலும் நீதான். புருவத்தைப் பிளந்துகொண்டு போகிற அந்தத் தழும்பு. சாரம் சரிந்து மூக்கை உடைத்துக்கொண்டாயே, அதற்குப் பிறகு வந்த மேடு. சிரிப்பு கிடையாது, சவரம் பண்ணுகிறவன் கண்ணாடியைப் பார்க்கிற அதே முறைப்பு. ரோட்டில் ஜீப்புகள் குமுளிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டு போகின்றன, நான் நடு ரோட்டில் நின்று அழுதுகொண்டிருக்கிறேன். ஒரு டிரைவர் மலையாளத்தில் என்னமோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது.

பாலுவிடம் போய், தம்பி, அந்த முகத்தை மட்டும் விட்டுவிடு, அது சவரிமுத்து என்றேன்.

"எந்தச் சவரிமுத்துண்ணே? சவரி ஆர்ட்ஸா?"

சாரத்தை விட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சின்ன வயசில் தேனியிலிருந்து கம்பத்துக்கு வந்து, நம் சாரத்துக்குக் கீழே நின்று நீ வேலை செய்வதைப் பார்ப்பானாம். "அவுக மொகத்தப் பாத்ததில்லண்ணே. எப்பவும் செவுத்தப் பாத்துத்தான நிப்பாக. அந்த முதுகப் பாத்துத்தான் தொழில் கத்துக்கிட்டேன்" என்றான். நானும் அதே சாரத்தில்தான் தம்பி நின்றேன் என்றேன். அப்படியாண்ணே என்றான்.

சனிக்கிழமை போட்டோக்காரரோடு வருகிறோம், அதுவரைக்கும் நல்லாப் பாத்துக்கப்பா என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் வேறு மாதிரிச் சொல்லியிருக்க வேண்டுமோ? எப்படி யோசித்தாலும் அந்த இடத்தில் யாரும் அதைத்தானே சொல்வார்கள்.

"நீங்க நிம்மதியா போங்கண்ணே. அவுக மொகம் என் பொறுப்பு" என்றான்.

போனேன். நிம்மதியாகத்தான் போனேன். ஆரோக்கியத்திடம் போய், உன் புருசனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையடித்தேன். அது அழுதது. என் வீட்டுக்காரிகூட அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு அப்பளம் பொரித்தாள்.

சனிக்கிழமை ஆரோக்கியம், புஷ்பம், ஸ்டுடியோக்காரர், நான் என்று நாலு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பாலு எதிரே ஓடி வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். முகமெல்லாம் வெளிச்சம். சந்தோசமாக இருக்கிற ஆர்ட்டிஸ்டைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம்.

சுவரில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நல்ல சிவப்பு. கன்னத்தில் ரோஜா நிறம். சுருட்டை முடி நெற்றியில் விழுகிறது. மூக்கு நூல் அடித்த மாதிரி நேர். புருவம் இரண்டும் வில். பல் தெரியச் சிரிக்கிறார். எனாமல் பளபளப்பில் எதிரே போகிற ஜீப் அவர் சட்டையில் தெரிகிறது.

பாலு என்னைத் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொன்னான். பழைய பெயிண்ட் மேலே புதுசு நிற்காதாம், அதனால் அடிவரைக்கும் சுரண்டிவிட்டானாம். சுரண்டுவதற்கு முன்னால் கட்டம் போட்டு ஒவ்வொரு அளவும் எடுத்து வைத்துக்கொண்டானாம். ஆரம்பித்ததிலிருந்து முடிக்கிற வரைக்கும் மாலை போட்டவன் மாதிரி கவிச்சி தொடவில்லையாம்.

"மழத்தண்ணி எறங்கி ரொம்பக் கெட்டுப் போயிருந்துச்சுண்ணே. புருவத்துல ஒரு வெடிப்பு, பட்டி வச்சு அடச்சுட்டேன். மூக்குல சுண்ணாம்பு பொருமி மேடு தட்டியிருந்துச்சு, செதுக்கி நேராக்கிட்டேன். அவுக கை அப்படிப் போட்டிருக்காதுல்ல?"

என்ன சொல்லச் சொல்கிறாய்? அது வெடிப்பு இல்லையடா, அதுதான் அவன் என்று சொல்லவா? அவனை அடிக்கவா? யாரை எதற்காக அடிப்பது? உன் மேல் இருக்கிற மரியாதையில், உன் முகத்தை அவன் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டு, நல்லாருக்கா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். சொத்தைப் பயல் என்று திட்டலாம் என்றால், வேலை வேறு சுத்தமாக இருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, மாடு ஆட்டுமே, அப்படி.

புஷ்பம்தான் முதலில் பேசினாள். அம்மா கையை விட்டுவிட்டு ரெண்டு எட்டு முன்னால் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, அப்பா சிரிக்கிறாக."

ஆரோக்கியம் மெதுவாகச் சுவருக்குப் பக்கத்தில் போனது. படம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எக்கிக் கையை நீட்டி, தழும்பு இருக்கவேண்டிய இடத்தில், புருவத்தில், ஒரு விரலை வைத்தது. பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை போல. விரலை எடுத்தபோது புருவத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது.

அந்த ஒரு நொடி மாப்ள, சத்தியமாகச் சொல்கிறேன், நீ வந்து எட்டிப் பார்த்தாய்.

"அடடா, ஈரமா இருக்குக்கா" என்று பாலு ஓடி வந்தான். ஆரோக்கியத்தின் விரலைத் தன் துண்டால் துடைத்துவிட்டான். பிரஷை எடுத்து, அலுங்காமல் ஒரே இழுப்பில் புருவத்தைச் சரி பண்ணிவிட்டான். ரொம்ப நல்ல கை அவனுக்கு.

ஆரோக்கியம் திரும்பிப் புஷ்பத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. "ஆமாத்தா. சிரிக்கிறாக" என்றது. ஸ்டுடியோக்காரர் படம் எடுத்தார்.

கிளம்பும்போது பாலு என்னை விடவில்லை. மூலையில் ஆர்ட்டிஸ்ட் பேர் எழுத வேண்டும், தன் பேரைப் போட மனசு வரவில்லை, முகம் அவுகது, பேரும் அவுகதாவே இருக்கட்டும், உங்கள் கையால் எழுதுங்கள் என்று பிரஷைக் கொடுத்தான். எழுதினேன். சவரி ஆர்ட்ஸ், கம்பம். இருபது வருசம் எழுதிய கை, தானாகவே போகிறது. அந்தச் சுவரிலேயே நீயாக இருந்தது அந்த எழுத்து ஒன்றுதான், அதையும் எழுதியது நான். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நிற்க முடியுமா, சொல்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வாயைத் திறக்கப் போனேன். ஆரோக்கியம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முந்திக்கொண்டது. "எனக்கு அவுக மொகம் ஞாபகம் இருக்குண்ணே. அவளுக்கு ஒண்ணு வேணும்ல. இருக்கட்டும்." புஷ்பம் தூங்கிவிட்டாள்.

பூசை நல்லபடியாக நடந்தது. மெழுகுதிரிக்குப் பக்கத்தில் அந்தப் படம். கறுப்பு வெள்ளை என்பதால் ரோஜாக் கன்னம் தெரியாமல் போனது ஒரு பெரிய உபகாரம். ஊரே வந்து பார்த்தது. உன்னோடு வளர்ந்தவர்கள், உன்னோடு சண்டை போட்டவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூட இது அவனில்லை என்று சொல்லவில்லை. ரெண்டு பேர், அச்சு அசல் அப்படியே இருக்கான்யா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெரிந்துதான் சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா?

இப்போது வீட்டில் அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் புஷ்பம் படுக்கிறாளாம். மீசை இருந்ததா என்று இப்போது கேட்பதில்லை. எனக்கு இருக்கிற பயம் வேறு. நேற்று வேலை நடுவே உன்னை நினைத்தேன். முதலில் வந்து நின்றது அந்தச் சிரிப்பு. கையில் இருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டு, உன் முகம் வருகிற வரைக்கும் சாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தது. வர நேரமானது மாப்ள.

இனி என்ன செய்ய முடியும்? சுரண்டினால் கீழே செங்கல்தான் இருக்கிறது. அந்தப் படம் நீ இல்லை என்று அவளிடம் நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், இது உனக்குத் தருகிற வாக்கு. பெரியவளாகி, அப்பா எப்படி இருப்பார் என்று அவளாக வந்து என்னிடம் கேட்டால், முகத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை. அது எனக்கு எப்போதும் வராது. நீ மேலே நின்றுகொண்டு கீழே எழுதுகிற என்னைத் திட்டுவாயே, அது அத்தனையும் எனக்கு வார்த்தை மாறாமல் வரும். அதில் ஒரு பெண்பிள்ளை காதில் விழக்கூடியதாகப் பார்த்து இப்போதிருந்தே பொறுக்கி வைக்கிறேன். நாலைந்துதான் தேறும். ஆனால் அந்த நாலைந்தை உன் குரலிலேயே சொல்வேன்.

உன் பிள்ளைகள் ஆறு பேருக்கும் தாய்மாமன் முறைக்காரன்,
உன் சாரத்துக்குக் கீழ்ப் பலகைக்காரன்,
சின்னராசு
கம்பம்